ஓட்டின் கதை – 9: யானை மேல் வந்த ஒற்றை உறுப்பினர்

1954இல் எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியார் காமராஜர் அமைச்சரவைக்குள் போனதோடு சென்ற வாரம் நிறுத்தினோம். 1952இல் தனித்து நின்று 19 சட்டமன்ற இடங்களைப் பிடித்த அவருடைய தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி, இரண்டே ஆண்டுகளில் காங்கிரஸில் கரைந்தது. கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டி வரைக்கும், தெற்கே நெய்வேலி வரைக்கும் பரந்த கரும்பு, பலா, முந்திரி பூமி அந்தக் கட்சிக்குத் தாய்மண். கட்சி போய்விட்டது. அதற்கு ஓட்டுப் போட்ட ஜனங்கள் எங்கே போனார்கள்?

அடுத்த முப்பது ஆண்டுகளும் அந்த வன்னியர் மக்கள் பெரிய கட்சிகளுக்கே ஓட்டுப் போட்டார்கள். 1987 செப்டம்பரில் சாலைக்கு வந்தார்கள். இட ஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் நடத்திய ஒரு வார மறியலில் வட மாவட்டங்கள் ஸ்தம்பித்தன. 21 உயிர்கள் போயின. 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு இட ஒதுக்கீடு வந்தது. அதே ஆண்டு ஜூலை 16 அன்று, அந்தச் சங்கத்தை நடத்திய திண்டிவனம் மருத்துவர் ராமதாஸ் பாட்டாளி மக்கள் கட்சியை (பா.ம.க.) தொடங்கினார். நான்கே மாதத்தில் நாடாளுமன்றத் தேர்தல்.

புதிய கட்சி தனித்து நின்றது. தமிழ்நாட்டில் விழுந்த ஓட்டுகளில் சுமார் 5.8 விழுக்காடு, அதாவது பதினைந்து லட்சத்துக்கும் மேல், அதற்குக் கிடைத்தது. இடங்கள்? பூஜ்யம்.

சின்னக் கட்சிக்கு அப்படித்தான் ஆகும் என்று தோன்றலாம். அதே தேர்தலில் தமிழ்நாட்டை ஆண்டுகொண்டிருந்த தி.மு.க.வின் கதையைப் பாருங்கள். நான்கில் ஒரு பங்குக்கும் அதிகமான ஓட்டு வாங்கிய அந்தக் கட்சியும் 39 தொகுதிகளில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. தொகுதியில் ஒரு ஓட்டு முந்தினாலும் போதும், அவரே உறுப்பினர். இரண்டாவதாக வந்தவருக்கு விழுந்த லட்சம் ஓட்டுக்கும் கணக்கில் இடமில்லை. நம் சட்டம் அதுதான்.

ஆனால் தி.மு.க.வுக்கு டெல்லியில் ஒரு கேபினட் அமைச்சர் கிடைத்தார்! வி.பி. சிங் அரசில் நகர்ப்புற வளர்ச்சித் துறை முரசொலி மாறனிடம் போனது. மக்களவையில் ஆளே இல்லாத கட்சிக்கு எப்படி? மாறன் மாநிலங்களவை உறுப்பினர். அந்த அவைக்கு எம்.எல்.ஏ.க்கள் போடும் ஓட்டு விகிதாச்சார முறையில் எண்ணப்படுகிறது. 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுவார்கள். சட்டமன்றத்தில் எந்தக் கட்சிக்கு எவ்வளவு பலமோ, மேலே போகும் உறுப்பினர்களும் ஏறக்குறைய அவ்வளவு. எம்.எல்.ஏ.க்களுக்கு இந்த முறை பொருந்தும் என்று அரசியல் சாசனமே ஒப்புக்கொண்டது. அவர்களைத் தேர்ந்தெடுக்கும் குடிமக்களுக்கு மட்டும் ஏன் மறுத்தது?

1949 ஜனவரியில் அரசியல் நிர்ணய சபையில் இதே கேள்வி எழுந்தது. காஜி சையத் கரிமுதீன் விகிதாச்சார முறை வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் மறுத்தார். இந்த முறைக்கு எழுத்தறிவு வேண்டும் என்பது அவருடைய ஒரு காரணம். சபை துண்டு துண்டாகி ஆட்சி நிலைக்காது என்பது இன்னொன்று. 1951 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 18 விழுக்காட்டைச் சற்றே தாண்டியிருந்த நாட்டில் முதல் காரணத்தை யார் மறுக்க முடியும்? இன்று அது செல்லாது. இரண்டாவது காரணத்துக்கு இன்றும் கனம் உண்டு; அதைத் தள்ளிவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்காக நாம் கொடுத்த விலை எவ்வளவு என்று 1991 காட்டியது.

மே 21, ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஜூன் 15 அன்று தமிழ்நாடு ஓட்டுப் போட்டது. சட்டமன்றத்தின் 234 இடங்களில் அ.தி.மு.க.வுக்கு 164, கூட்டணியில் இருந்த காங்கிரஸுக்கு 60. 22 விழுக்காட்டுக்கு மேல் ஓட்டு வாங்கிய தி.மு.க.வுக்கு 2. துறைமுகம் தொகுதியில் 890 ஓட்டில் தப்பிய கருணாநிதி அந்த இடத்தையும் ராஜினாமா செய்தார். ஓட்டில் தி.மு.க.வுக்குப் பின்னால், 15 விழுக்காட்டில் நின்ற காங்கிரஸ்தான் சபையில் இரண்டாவது பெரிய கட்சி!

பா.ம.க.வுக்கு இந்த முறையும் 6 விழுக்காட்டை ஒட்டிய ஓட்டு. கிடைத்தது ஒரே ஒரு இடம். நெல்லிக்குப்பத்துக்கு அடுத்த பண்ருட்டியில் எஸ். ராமச்சந்திரன் ஜெயித்தார். எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் இருந்த, சட்டமன்றத்தின் சந்து பொந்தெல்லாம் தெரிந்த மனிதர். கட்சியின் சின்னம் அப்போது யானை. அவர் யானை மேல் ஏறியே சட்டமன்றத்துக்கு வந்தார். பத்திரிகைகள் அதை வேடிக்கையாகப் பார்த்தன. எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. பதினான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் ஓட்டைத் தனி ஒருவராகச் சுமந்து வந்தவர் அவர்.

ஓட்டு விகிதப்படியே இடம் பிரித்திருந்தால்? அ.தி.மு.க.வுக்கு 104, தி.மு.க.வுக்கு 52 அல்லது 53, காங்கிரஸுக்கு 35 அல்லது 36, பா.ம.க.வுக்கு 13 அல்லது 14. முறை மாறினால் மக்கள் போடும் ஓட்டும் மாறும் என்பதால் இது உத்தேசக் கணக்குதான். ஆட்சி கைமாறியிருக்காது, ஜெயலலிதாவும் காங்கிரஸும் சேர்ந்தே ஆண்டிருப்பார்கள். ஆனால் 118ஐத் தொட முதல்வருக்குக் கூட்டாளியின் தயவு வேண்டியிருக்கும். எதிரே எழுபது பேருக்குக் குறையாத எதிர்க்கட்சி இருந்திருக்கும். அந்த ஐந்தாண்டு ஆட்சியை நேரில் கண்டவர்களுக்கு அந்த எழுபது பேரின் அருமை தெரியும்.

இரண்டு தேர்தலில் அடிபட்ட பா.ம.க. விகிதாச்சாரப் பிரதிநிதித்துவத்தைக் கோரிக்கையாக எழுப்பியது. டெல்லி அசையவில்லை. கட்சி வேறு வழி தேடிற்று. 1998 நாடாளுமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. கூட்டணிக்குப் போய் 5 இடத்தில் நின்று 4இல் ஜெயித்தது. வாங்கிய ஓட்டு? 1989இல் பூஜ்யம் தந்த ஏறக்குறைய அதே 6 விழுக்காடு!

தமிழ்நாட்டு அரசியலின் சூட்சுமம் பூஜ்யம், நான்கு என்ற இந்த இரண்டு எண்களுக்குள் இருக்கிறது. தொகுதிப் பங்கீடு என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் கட்சி அலுவலகங்களின் மூடிய கதவுக்குள் நடக்கிறதே, உண்மையான பேரம் அதுதான். நெல்லிக்குப்பத்துக் கரும்பு விவசாயியும் நெய்வேலிச் சுரங்கத் தொழிலாளியும் விரல் மையைக் காணும் முன்பே, அவர்களுடைய ஓட்டின் மதிப்பு அந்த அறையில் முடிவாகிவிடுகிறது. விகிதாச்சார முறையிலும் பேரம் உண்டு. ஆனால் அது எண்ணிக்கை முடிந்த பிறகு, யாருக்கு எவ்வளவு பலம் என்று ஊருக்கே தெரிந்த பிறகு நடக்கும். நான் இந்த முறையை ஆதரிக்க அந்த ஒரு காரணம் போதும். 2016இல் பா.ம.க. மறுபடி தனித்து நின்றது. 5 விழுக்காட்டுக்கு மேல் ஓட்டு, மறுபடி பூஜ்யம்.

டெல்லி யோசிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 1999இல் நீதிபதி ஜீவன் ரெட்டி தலைமையிலான சட்ட ஆணையம், இருக்கும் தொகுதிகளை அப்படியே வைத்துக்கொண்டு, கூடுதலாக ஒரு பகுதி இடங்களைக் கட்சிகளின் ஓட்டு விகிதப்படி நிரப்பலாம் என்று பரிந்துரைத்தது. அது அலமாரிக்குப் போனது. பழைய முறையால் ஜெயித்து வந்தவர்களே புதிய முறைக்குக் கையெழுத்துப் போட வேண்டும். யார் போடுவார்?

ஒருவர் போட்டார்.

1977 ஜூலை, இலங்கை. ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின் கட்சி ஏறக்குறைய 51 விழுக்காடு ஓட்டில் 168இல் 140 இடங்களை அள்ளியது. 30 விழுக்காட்டை ஒட்டி வாங்கிய சிறிமாவோவின் கட்சிக்கு வெறும் 8. 18 இடம் பிடித்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். ஆறில் ஐந்து பங்கு இடங்களைத் தனக்குத் தந்த முறையை அடுத்த ஆண்டே ஜெயவர்த்தனா தூக்கி எறிந்து, விகிதாச்சார முறையை அரசியல் சாசனத்தில் எழுதினார். இவ்வளவு சாதகமான முறையை அவர் ஏன் கைவிட்டார்? அதில் யாழ்ப்பாணத்துத் தமிழனுக்கு வைத்திருந்த கணக்கு என்ன?

(அடுத்த வாரம்)