ஒரு பக்கமா, பக்க வரிசையா? ஆம்டாலின் 1967ஆம் ஆண்டுக் கட்டுரையும் யாழ்ப்பாண எண்ணிமப்படுத்தலுக்கான வன்பொருளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய இதழ்களையும் மலர்களையும் எண்ணிமப்படுத்துவதற்கு எத்தகைய கணினி வேண்டும் என்ற விவாதத்தில், பல கோர் கொண்ட சேவையகம் வீண் செலவு என்ற கருத்து நிலைபெற்றுவிட்டது. மேசையில் வேகமான பணிநிலையம் ஒன்று இருந்தால் போதும் என்கிறார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது ஜீன் ஆம்டால் 1967இல் அளித்த சிறு கட்டுரை. அக்கட்டுரை இந்த முடிவைத் தாங்கவில்லை.

அப்போது ஐபிஎம்மில் இருந்த ஆம்டால், நிறைவேற்றப்படும் கட்டளைகளில் சுமார் 40 சதவீதம் தரவு மேலாண்மை என்ற துணைவேலைக்கே போகிறது, பத்தாண்டுகளாக அந்தப் பங்கு ஏறக்குறைய மாறவில்லை என்றார். அவ்வேலை ஒன்றன்பின் ஒன்றாகவே நடப்பதால், அதைத் தனி முறைவழியாக்கியிடம் ஒப்படைத்தாலும் ஐந்து முதல் ஏழு மடங்குக்கு மேல் வேகம் கூடாது என்பது அவர் மதிப்பீடு. இன்று அவர் பெயரால் வழங்கும் சூத்திரம் அக்கட்டுரையில் இல்லை; அது பின்வந்தோர் வகுத்தது. அதில் 40 சதவீதத்தை இட்டால் 16 கோர்கள் தரும் பயன் சுமார் 2.3 மடங்கு. எத்தனை கோர் சேர்த்தாலும் 2.5ஐத் தாண்டாது. சேவையகத்தை மறுப்போரின் வலு முழுவதும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

ஆனால் ஆம்டால் எதைப் பற்றிப் பேசினார்? ஒரே பெரிய கணிப்பைப் பற்றி. ஒழுங்கற்ற எல்லைகளும் ஒருசீரற்ற உட்பகுதியும் கொண்ட இயற்பியல் கணக்குகளே அவர் எடுத்துக்காட்டுகள். அவற்றில் ஒரு பகுதியின் விடை இன்னொன்றைச் சார்ந்திருக்கும். 200 பக்க மலரில் 17ஆம் பக்கம் 16ஆம் பக்கத்துக்காகக் காத்திருப்பதில்லை. படத்தைத் திறப்பதும் கோப்பை எழுதுவதுமான துணைவேலையும் பக்கத்தோடு சேர்ந்தே பிரிந்துவிடுகிறது. ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் 40 சதவீதம் அப்படியே இருக்கலாம். பக்க வரிசைக்கு அது தடையாகாது. டெசராக்ட் எழுத்துணரியே இதற்குச் சான்று. அதன் 4ஆம் பதிப்பு ஒரு பக்கத்தை நான்கு இழைகள் வரை பிரித்துச் செய்யும். பல பக்கங்களை ஒரே நேரத்தில் ஓட்டும்போது அந்த இழைகள் ஒன்றோடொன்று மோதுவதால், பக்கத்துக்கு ஓர் இழை என்று கட்டுப்படுத்துவதே வழக்கமாகியிருக்கிறது. பக்கத்துக்குள் ஆம்டால் சொன்னது சரி. பக்கங்களுக்கிடையே அது பொருந்தாது என்றே கருதுகிறேன்.

ஆம்டாலின் வாதத்துக்குக் கணினி அறிஞர் கஸ்டாப்சன் 1988இல் எழுப்பிய மறுப்பை இங்கு துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. அதுவும் பெரிதாக்கப்பட்ட ஒரே கணக்கைப் பற்றியது.

எனவே கேட்க வேண்டிய கேள்வி, ஒரு பக்கத்துக்காக யாராவது காத்திருக்கிறாரா என்பதே. கோணிய பக்கத்தை நிமிர்த்திக்கொண்டு மேசையில் இருப்பவர் காத்திருக்கிறார். அவருக்கு வேகமான சில கோர்களே வேண்டும். இரவு முழுவதும் ஓடும் வரிசைக்கு அப்படியல்ல. ஏஎம்டி 2017இல் ஒரே வடிவமைப்பில் வெளியிட்ட இரண்டு முறைவழியாக்கிகளை ஒப்பிடலாம். மேசைக்கான த்ரெட்ரிப்பர் 1950எக்ஸ்: 16 கோர், அடிப்படை வேகம் 3.4 கிகாஹேர்ட்ஸ், நான்கு நினைவகத் தடங்கள். சேவையகத்துக்கான எபிக் 7601: 32 கோர், 2.2 கிகாஹேர்ட்ஸ், எட்டுத் தடங்கள். கோர் எண்ணிக்கையை வேகத்தால் பெருக்கினால் 54.4க்கு எதிராக 70.4. தடம் ஒன்றுக்கு இரண்டிலும் நான்கு கோர்களே என்பதால், நினைவகம் ஈடுகொடுக்காது என்ற ஐயத்துக்கும் இடமில்லை. மேசையில் தோற்பது வரிசையில் வெல்கிறது.

வேகத்தைவிட எனக்கு முக்கியமானது பிழைதிருத்தும் நினைவகம். கூகுளின் சேவையகங்களை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு, நினைவகப் பலகைகளில் 8 சதவீதத்துக்கு மேற்பட்டவை ஓராண்டில் பிழை கண்டதாகக் கூறியது. சுருக்கப்பட்ட கோப்பில் ஒரு பிட் மாறினால் அதற்குப் பின்வரும் பகுதி முழுவதும் கெடக்கூடும். சரிபார்ப்பு எண்ணை அதன் பிறகு கணித்தால், அந்தப் பிழைக்கே சான்றிதழ் கொடுத்ததாகிவிடும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்களை இழந்த இடம் இது. எண்ணிம நூலகமான ‘நூலகம்’ திட்டம் 2005இல் தொடங்கியது முதல் திரட்டப்பட்டுவரும் இதழ்களில் பலவற்றுக்கு இரண்டாவது பிரதி கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. பிழைதிருத்தும் நினைவகம் பணிநிலையங்களுக்கும் உண்டு. ஆனால் எல்லா மேசைகளுக்கும் அதை வாங்குவதைவிட, பாதுகாப்புப் பிரதி உருவாகும் ஒரே இடத்தில் வைப்பது மலிவு.

மின்கட்டணம் கூடும் என்பது சிறிய ஆட்சேபம். வேலை இல்லாதபோது சேவையகத்தை நிறுத்திவைக்கலாம். வெளிநாட்டு மேகக் கணிமையை வாடகைக்கு எடுக்கலாமே என்போர், 300 டிபிஐ வண்ணத்தில் வருடிய ஏ4 பக்கம் ஒன்று சுருக்கப்படாமல் சுமார் 26 மெகாபைட் என்பதைக் கணக்கிலெடுக்க வேண்டும். 200 பக்க மலர் ஒன்றுக்கு 5 கிகாபைட்டுக்கு மேல் இணையவழி அனுப்ப வேண்டும், அதுவும் ஒவ்வொரு நாளும் பல மலர்கள்.