பஞ்சமும் தரகும்: பரங்கிப்பேட்டைக் கரையிலிருந்து போன மனிதர்கள்

பரங்கிப்பேட்டையை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காகவே நினைவில் வைத்திருக்கின்றன. 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியின் படையை ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் இங்கே தோற்கடித்தார். 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் இங்கே இரும்பாலை தொடங்கினார். வெள்ளாறு கடலில் கலக்கும் இந்த முகத்துவாரத்தில் துணிப்பொதி ஏற்றிய கப்பல்களைப் பற்றியும் கொஞ்சம் படிக்கலாம். ஆனால் இந்த ஊருக்கு வடக்கிலும் தெற்கிலும் நீளும் கரை முழுவதும் மனிதர்களையும் ஏற்றி அனுப்பிய கரை என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இன்று ஆள் கடத்தல் என்று சட்டம் தண்டிக்கும் செயல், இங்கே நானூறு ஆண்டுகளில் வரி செலுத்திய வணிகமாக இருந்தது, தடை செய்யப்பட்ட குற்றமாக இருந்தது, உரிமம் பெற்ற தொழிலாக இருந்தது, மறுபடியும் குற்றமானது. சட்டம் இப்படிப் புரண்டுகொண்டிருந்தபோது மாறாமல் நின்றவை மூன்று: ஊரில் பஞ்சமோ போரோ, கடலுக்கு அப்பால் ஆள் தேவை, இடையில் பணத்தோடு நிற்கும் தரகன். புறப்படுவதை மட்டும் தடுத்த சட்டங்கள் அந்தத் தரகனை ஒழிக்கவில்லை. அடுத்த ஆட்சியின் எல்லைக்குள் நகர்த்திவைத்தன. போனவன் திரும்பி வரும் வழியைத்தான் அவை பலமுறை அடைத்தன.

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரங்கியர் என்ற போர்த்துகீசியர் இங்கே குடியேறியபோது, அவர்கள் கோவாவின் ஆளுகைக்கு வெளியே, செஞ்சி நாயக்கரின் அனுமதியோடு, சொந்தக் கணக்கில் வணிகம் செய்தவர்கள். முகமது பந்தர் என்ற பெயரும் பெற்ற இந்தத் துறைமுகத்தில் மரைக்காயர்களின் கப்பல்கள் அச்சே, மலாக்கா, கெடா வரை போய்வந்தன. நாயக்கர், பீஜப்பூர், 1677க்குப் பின் மராத்தியர், 1698இல் செஞ்சி விழுந்தபின் முகலாயர் என்று உள்நாட்டில் கொடி மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கொடி மாற்றத்திலும் வயல்கள் எரிந்தன; எரிந்த வயல்களிலிருந்து வந்தவர்கள் கடற்கரையில் விற்கப்பட்டார்கள். தேவனாம்பட்டினத்திலும் பிறகு பரங்கிப்பேட்டையிலும் கிட்டங்கி வைத்திருந்த ஒல்லாந்தக் கம்பெனியின் கணக்குகளை வைத்து மார்க்கஸ் விங்க் போன்ற ஆய்வாளர்கள் தொகுத்திருப்பதைப் பார்த்தால், இந்த வணிகம் சீராக ஓடியதல்ல என்பது தெரியும். பஞ்சமும் படையெடுப்பும் வந்த ஆண்டுகளில் திடீரென்று பெருகும். மழை பெய்து ஊர் அடங்கினால் வற்றிவிடும். நாயக்கர்களின் கலகமும் பீஜப்பூர்ப் படையும் தஞ்சை நாட்டைச் சூறையாடிய காலத்தில், 1646இல் மட்டும் 2,118 பேர் ஜாவாவிலிருந்த பட்டேவியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தென் சோழமண்டலக் கரையைச் சேர்ந்தவர்கள். 1659 முதல் 1661 வரை பீஜப்பூர் மறுபடி தஞ்சைக்குள் நுழைந்தபோது நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் பிற துறைகளிலும் கம்பெனி வாங்கியது 8,000 முதல் 10,000 பேர். பெரும்பகுதி இலங்கைக்குப் போனது.

இந்த எண்களில் ஒரு செய்தி அடங்கியிருக்கிறது. ஒல்லாந்தர் கரையில் கிட்டங்கியும் கப்பலும் எல்லா ஆண்டும் வைத்திருந்தார்கள். ஆள் வாங்கும் ஆசையும் எல்லா ஆண்டும் இருந்தது. ஆனால் விற்கப்படும் மனிதர்கள் பசியின் ஆண்டுகளில்தான் கிடைத்தார்கள். பெற்ற பிள்ளையைச் சில படி அரிசிக்கு விற்ற தாயும், சோறு போட்டால் போதும் என்று தன்னையே எழுதிக்கொடுத்தவனும் எல்லாப் பஞ்சத்திலும் வருகிறார்கள். அவர்களை வாங்கியவன் குற்றவாளி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர்களைக் கடற்கரைவரை துரத்தி வந்த படைத்தலைவனும், பஞ்சத்திலும் வரியைக் குறைக்காத அரசும் எந்தக் கடத்தல் சட்டத்திலும் குற்றவாளியாகப் பெயர் பெறவில்லை.

சட்டம் எவ்வளவு வேகமாகப் புரளும் என்பதற்குச் சென்னைக் கோட்டை நல்ல சான்று. 1687இல் கடல் வழியாக அனுப்பப்படும் ஒவ்வோர் அடிமைக்கும் ஒரு வராகன் சுங்கம் என்று ஆங்கிலக் கம்பெனி விதித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் மட்டும் 665 பேர் அங்கிருந்து ஏற்றப்பட்டார்கள். மறு ஆண்டே ஏற்றுமதிக்குத் தடை. கோல்கொண்டாவை வென்று வந்த முகலாய அரசு இந்த வணிகத்தை வெறுத்தது அதற்கு முக்கியக் காரணம். சென்னை மூடியதால் பசி மூடவில்லை. அதே 1688-89இல் தஞ்சை நாட்டுச் சிறுமிகளும் சிறுவர்களும் ஆயிரக்கணக்கில் ஆசிய வணிகர்களால் நாகப்பட்டினத்திலிருந்து அச்சேவுக்கும் ஜோகூருக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். சரக்கு ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு மாறியது, அவ்வளவுதான். இதை ஐரோப்பியர் மட்டுமே செய்த பாவம் என்று சொல்லித் தப்பிக்க நமக்கு வழியில்லை. விற்றவர்களும் விலை பேசியவர்களும் கூட்டி வந்தவர்களும் இந்த மண்ணின் மொழி பேசியவர்கள்.

கடத்தல் என்ற சொல்லின் முழுக் கொடுமையையும் தமிழிலேயே பார்க்க வேண்டுமென்றால் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1743ஆம் ஆண்டுப் பதிவு ஒன்று இருக்கிறது. மஸ்கரேன் தீவுகளுக்கு அடிமைகள் தேவைப்பட்ட காலம். புதுச்சேரியில் ஒரு கும்பல் ஆட்களை ஏமாற்றிப் பிடித்து, ஒரு வீட்டுக்குள் அடைத்து, தலையை மழித்து, கறுப்புத் துணி உடுத்தி, காலில் விலங்கிட்டு வைத்திருந்து கப்பலேற்றியதைப் பிள்ளை எழுதிவைத்திருக்கிறார். பஞ்சத்துக்கு விற்கப்பட்டவர்கள் அல்ல இவர்கள், பிடிபட்டவர்கள். அடிமை வணிகம் அங்கே சட்டப்படி நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, அதன் நிழலில் இந்தத் திருட்டும் நடந்தது. அனுமதி கொடுத்தால் கள்ளத்தனம் மறைந்துவிடும் என்று எளிதாகச் சொல்பவர்களுக்கு இந்தப் பதிவு தடையாக நிற்கிறது. அதை நான் ஒதுக்கிவைக்க விரும்பவில்லை. ஆளையே சொத்தாக்கும் உரிமம், திருடனுக்கும் சந்தை திறந்துவிடுகிறது. எனவே வழி திறந்திருக்கிறதா என்பதோடு, போகிறவன் கையில் என்ன உரிமை இருக்கிறது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

அந்த உரிமை ஓரளவு இருந்த பயணமும் இதே கரையிலிருந்து நடந்தது. 1786இல் பினாங்கு ஆங்கிலேயர் கைக்கு வந்த சில ஆண்டுகளில், சோழமண்டலக் கரைக் கப்பல்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கொண்டுவருவதாகவும், அவர்கள் கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவதாகவும் அங்கே நிர்வாகியாக இருந்த பிரான்சிஸ் லைட் எழுதினார். சூலியர் என்று அங்கே அழைக்கப்பட்ட இந்த மக்கள் கடை வைத்தார்கள், படகு ஓட்டினார்கள், சரக்குத் தூக்கினார்கள். 1801இல் அவர்களுக்கு எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் ஜார்ஜ் டவுனில் நிற்கிறது. இவர்களுக்கும் கப்பல்காரருக்கும் இடையில் கடன் இருந்தது. ஆனால் அடுத்த பருவக்காற்றில் திரும்பும் கப்பலும் இருந்தது. போய்ச் சேரும் இடத்தில் தன் ஊர்க்காரனும் இருந்தான். அடிமைக் கப்பலையும் இந்தக் கப்பலையும் ஒன்றாக்குகிறேன் என்று யாராவது குறை சொன்னால், இந்த வேறுபாட்டைத்தான் பதிலாகச் சொல்வேன். ஒரே துறை, ஒரே காற்று, சில சமயம் ஒரே கப்பல்காரர். ஆயினும் திரும்ப முடிந்தவன் பயணி, முடியாதவன் சரக்கு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கோடு மங்கியது. 1834இல் ஆங்கிலேயக் குடியேற்றங்களில் அடிமை முறை முடிந்ததும் மொரீசியஸ் கரும்புத் தோட்டங்கள் கூலி தேடின. அந்தக் கூலி முறையின் கொடுமைகள் வெளிவந்ததும், ஒப்பந்தக் கூலிகளை நாட்டுக்கு வெளியே அனுப்புவதை 1839இல் கம்பெனி அரசு தடை செய்தது. 1842இல் மொரீசியஸுக்கு மட்டும் கதவு திறந்தது. அப்போது கடலூருக்குப் பக்கத்திலேயே வேறொரு நாடு இருந்தது என்பதை வரைபடம் காட்டும். பாகூரும் அதன் கிராமங்களும் பிரெஞ்சு மண். தென்னாற்காட்டு ஊர்களோடு பின்னிக் கிடந்தவை. பரங்கிப்பேட்டையிலிருந்து வடக்கே நடந்தால் புதுச்சேரி, தெற்கே நடந்தால் காரைக்கால், இரண்டுமே இரண்டு நாள் நடைதான். ரெயூனியனுக்கு 1828 முதலே ஆள் எடுத்திருந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு, 1848இல் அவர்கள் அடிமை முறையை ஒழித்தபின் தேவை பல மடங்கானது. வயல் வரப்பைத் தாண்டினால் எல்லை தாண்டியதாகிவிடும் ஓர் இடத்தில், ஆங்கிலேயக் குடியானவனை இரவில் நடத்திக் கூட்டிப்போய் பிரெஞ்சுத் துறையில் கப்பலேற்றுவது மேஸ்திரிகளுக்குத் தொழிலானது. 1853இல் கரீபியத் தீவான மார்ட்டினிக்குக்கு முதல் கப்பல் போனது. ஆள் பிடிப்பதைப் பற்றிச் சென்னை அரசு முறையிட்டுக்கொண்டே இருந்தது. 1861இல் இரு அரசுகளும் உடன்படிக்கை செய்து, ஆங்கிலேய அதிகாரி ஒருவர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இருந்து கூலிகளைப் பார்வையிட ஏற்பாடானது. நேற்றுவரை கடத்தல், இன்று முதல் குடியேற்றம்! கூட்டிப்போன மேஸ்திரி அதே ஆள்தான். 1880களில் இந்த வழி மூடப்படும்வரை மார்ட்டினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேரும் குவாதலூப்புக்கு 42,000 பேரும் போனார்கள். அவர்களில் கணிசமானவர்கள் தமிழர்கள். மீண்டும் ஊர் பார்த்தவர்கள் குறைவு.

மலாயா வழியிலும் இதே கதை நடந்தது. ஆள் ஏற்றுமதியை அனுமதித்த இடங்களின் பட்டியலில் பினாங்கும் சிங்கப்பூரும் இல்லாத காலத்திலும் நாகப்பட்டினத்திலிருந்து கூலிகள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். 1870இல் தஞ்சை மாவட்ட அதிகாரி அங்கே ஒழுங்காகத் திட்டமிட்ட ஆள்கடத்தல் நடப்பதாக எழுதியபின் அரசு பாய்ந்தது. தோட்ட முதலாளிகள் குரல் எழுப்பியதும் 1872இல் விலக்குக் கொடுத்தது. 1877இல் தனிச் சட்டம் போட்டது. இந்த ஆண்டுகளுக்கு நடுவில்தான் தாது வருஷப் பஞ்சம் வந்து சென்னை மாகாணத்தைத் தின்றது. அந்தப் பஞ்சத்தில் கூலிக்கப்பல் ஏறியவனை யார் தூண்டினார்கள் என்று கேட்பதில் பொருளே இல்லை.

இவ்வளவும் சொன்னால் ஒரு கேள்வி நியாயமாகவே எழும்: அப்படியானால் தடையே வேண்டாமா, தரகனை விட்டுவிடலாமா? 1910இல் மலாயாவில் ஒப்பந்த முறை ஒழிந்ததும், 1938இல் உதவிப் பயணச் சீட்டில் மலாயாவுக்குக் கூலிகள் போவதை இந்திய அரசு நிறுத்தியதும், 1939இல் இலங்கைக்குத் தடை விதித்ததும் வீண் என்று நான் சொல்லவில்லை. அவற்றில் முதலாவது, கூலியை முதலாளியோடு கட்டிய விலங்கை அறுத்தது. அதனால் பயன் தந்தது. பின்னவை பேரம் பேசும் கருவிகள். அரசுகளுக்கு உதவின, ஆனால் குடும்பங்களைக் கடலின் இரு கரையிலும் பிரித்தன. சுதந்திரத்துக்குப் பிறகு கடவுச்சீட்டும் விசாவும் வந்தபோது, மனைவியைப் பார்க்கத் தலைமன்னாருக்குப் படகேறியவனும் தங்கம் கடத்தியவனும் ஒரே கள்ளத்தோணியானார்கள். அந்தச் சொல் இலங்கையில் மலையகத் தமிழர் எல்லோர் மீதும் வசையாக விழுந்தது. தடையின் நன்மையை அளக்க வேண்டுமென்றால் அது யாருடைய கடனை அறுத்தது, யாருடைய வழியை அடைத்தது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

2000ஆம் ஆண்டு ஐநா ஏற்றுக்கொண்ட நெறிமுறைகள் இரண்டு குற்றங்களைப் பிரித்துக் காட்டுகின்றன. வற்புறுத்தியோ ஏமாற்றியோ சுரண்டலுக்காக ஆளைக் கொண்டுபோவது ஒன்று. பணம் வாங்கிக்கொண்டு, விருப்பத்தோடு வருபவரைச் சட்டத்துக்குப் புறம்பாக எல்லை தாண்டச் செய்வது இன்னொன்று. இரண்டாவதில் கடத்தப்பட்டவரை அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்றும் அவை சொல்கின்றன. காகிதத்தில் தெளிவான இந்தப் பிரிவு, கடன் என்ற ஒன்று வந்ததும் கலைந்துவிடுகிறது. வீட்டை அடகு வைத்து முன்பணம் கட்டியவன் புறப்படும்போது விருப்பத்தோடுதான் புறப்படுகிறான். மறுகரையில் வட்டி அவனை வேறு ஆளாக்குகிறது. 1850களின் காரைக்கால் கூலிக்கும் இதுவே நடந்தது.

ஈழப் போர் முடிந்தபின் தமிழ் அகதிகளின் கடல் பயணங்கள் தொடர்ந்தன; இதே கரையும் மீண்டும் கணக்கில் வந்தது. வேறு கரைகளிலிருந்து 2009இல் 76 பேரோடு ஓஷன் லேடி என்ற கப்பலும் 2010இல் 492 பேரோடு சன் சீ என்ற கப்பலும் கனடாவைத் தொட்டன. 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து 157 தமிழ் அகதிகளோடு புறப்பட்ட படகை ஆஸ்திரேலியா நடுக்கடலில் மறித்து, அவர்களை வாரக்கணக்கில் கப்பலிலேயே அடைத்துவைத்து, கடைசியில் நவ்ரூ தீவுக்கு அனுப்பியது. அந்த அடைப்பு சட்டப்படி சரியே என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2015 ஜனவரியில் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில், ஓஷன் லேடி வழக்கில் கனடாவின் உச்ச நீதிமன்றம் வேறு திசையில் போனது: தப்பி ஓடும்போது ஒருவருக்கொருவர் கைகொடுத்த அகதிகளையும், சொந்தக் குடும்பத்தை அழைத்துவந்தவரையும் கடத்தல்காரர் என்று தண்டிக்கும் அளவுக்கு அந்நாட்டுச் சட்டம் அகன்றிருப்பது செல்லாது என்றது. லாபத்துக்காக ஆளேற்றியவரைத் தண்டிக்க அந்தத் தீர்ப்பு தடையில்லை. வராகன் சுங்கம் முதல் குடியேற்றச் சட்டங்கள் வரை இந்தக் கரையை ஆண்ட எந்த ஆணையும் இவ்வளவு நுணுக்கமாக ஆளுக்கும் தரகனுக்கும் கோடு கிழித்ததில்லை. அந்தக் கோட்டை நம் நாட்டுச் சட்டமும் கிழிக்க வேண்டும். 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா இன்னும் கையெழுத்திடவில்லை. பல பத்தாண்டுகளாகத் தமிழ்நாட்டு முகாம்களில் வாழும் ஈழத்தமிழருக்குத் தொழில் தேடவும் வெளிநாடு போகவும் நேர்வழி குறுகலாகவே இருக்கிறது. அந்த வழி அகலமானால், புதுச்சேரிக் கரையில் இரவில் படகு பிடித்துத் தரும் தரகனுக்குக் கேட்கும் விலை கிடைக்காது.