பதில் எழுதியவர்களின் பத்திரிகை

பத்திரிகையின் அட்டையிலே பத்திராதிபரின் பெயர் அச்சாகியிருக்கிறது. அதைப் பார்த்து, பத்திரிகையை நடத்துகிறவர் அவர்தாம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அவரையும் இழுத்துக்கொண்டு போகிறவர்கள் வேறு சிலர். கடிதம் எழுதும் வாசகர்களே அவர்கள். உபாத்தியாயர்களுக்காக ஆரம்பித்த ஒரு பத்திரிகையின் சரித்திரம் இதற்கு நல்ல சான்று.

ஐக்கிய அமெரிக்காவில், மிஸௌரி மாகாணத்தில், கிட்டர் என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு கல்விச்சாலையில் கணிதம் போதித்து வந்தார் பெஞ்சமின் பிங்கெல். உயர்நிலைப் பள்ளிகளில் கணிதம் சொல்லிக்கொடுக்கப்பட்ட லட்சணம் அவர் மனத்தை உறுத்தியது. உபாத்தியாயர் தாமே கணக்கில் ருசி கண்டால் அல்லவா மாணவனுக்கு அந்த ருசியைக் காட்ட முடியும்? வர்ஜீனியாவிலிருந்த ஜான் கோலா என்பவரைத் துணையாகக் கொண்டு, 1894 ஜனவரியில் 'அமெரிக்கன் மேதமேட்டிகல் மன்த்லி' என்ற மாத இதழைத் தொடங்கினார்.

அந்த இதழின் உயிர்நிலை கேள்விப் பக்கந்தான். அல்ஜீப்ரா, க்ஷேத்திர கணிதம், இயந்திரவியல் என்று பிரிவு பிரிவாக வாசகர்கள் கணக்குகளை அனுப்புவார்கள். வேறு வாசகர்கள் விடை எழுதுவார்கள். விடை கண்டவர்களின் பெயர்கள் அச்சாகும். ஊர் பேர் தெரியாத ஓர் உபாத்தியாயருக்கு இதைவிடப் பெரிய சன்மானம் வேண்டுமா?

ஆனால் எந்த உபாத்தியாயர்களை எண்ணிப் பிங்கெல் இலை போட்டாரோ, அவர்களில் பந்திக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தாம். பள்ளிக்கூடங்களிலிருந்து சந்தா அதிகமாக வரவில்லை. உட்கார்ந்து விடை எழுதியவர்கள் பெரும்பாலும் கல்லூரிக்காரர்கள். முதல் ஆண்டிலேயே ஹால்ஸ்டெட் என்ற பேராசிரியர், யூக்ளிடின் கணிதத்துக்குப் புறம்பான கணிதத்தைப் பற்றித் தொடர் எழுத ஆரம்பித்துவிட்டார். யூக்ளிடை மாணவர்கள் தலையில் ஏற்றுவதற்குள் தொண்டை வற்றிப்போகும் ஒரு பள்ளி உபாத்தியாயர், இரவு விளக்கடியில் அதைப் பிரித்திருந்தால், பெருமூச்சுவிட்டு மூடிவைத்திருப்பார் என்பதில் ஐயமில்லை.

அப்புறம் மாறுதல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1895-ல் பிங்கெல் ஸ்பிரிங்பீல்டிலுள்ள ட்ரூரி கல்லூரிக்குப் போனார். பத்திரிகையும் கூடவே போயிற்று. 1907-ல் சிகாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸ்லாட் பத்திராதிபர்களில் ஒருவரானார். 1913-ல் பல சர்வகலாசாலைகள் பொறுப்பில் பங்கெடுத்துக்கொண்டன. இனி இது கல்லூரிக் கணிதத்துக்கான இதழ் என்று வெளிப்படையாகவே அறிவிக்கப்பட்டது. 1915-ல், அமெரிக்கக் கணித சங்கத்தை இதை ஏற்று நடத்தும்படி கேட்டார்கள். சங்கமோ, "நல்ல காரியந்தான், ஆனால் அந்தத் துறையில் நாங்கள் இறங்குவதற்கில்லை" என்கிற பாவனையில் ஆசி கூறி ஒதுங்கிக்கொண்டது. ஆகவே அவ்வாண்டு டிசம்பரில் கொலம்பஸ் நகரில் கூடி, இந்தப் பத்திரிகைக்காகவே ஒரு புதிய சங்கத்தைத் தோற்றுவித்தார்கள். பிள்ளையைக் காப்பாற்றத் தாயை உண்டாக்கிய கதை!

பள்ளி உபாத்தியாயர்களின் கதி என்னவாயிற்று? 1908-ல் பிறந்திருந்த 'மேதமேட்டிக்ஸ் டீச்சர்' என்ற இதழ் அவர்களுக்கு உரியதாயிற்று. 1920-ல் அவர்களுக்கென்று தேசிய மன்றம் ஏற்பட்டு, மறு ஆண்டு அந்த இதழை ஏற்றுக்கொண்டது. 2020-ல் அதுவும் வேறு இரண்டு இதழ்களோடு ஒன்றாக்கப்பட்டு, புதுப் பெயரில் வெளிவரலாயிற்று. ஆனால் கல்லூரிக்காரரும் பள்ளிக்கூடத்தாரும் ஒரே பக்கத்தில் கணக்குப் போட்டு மகிழவேண்டும் என்ற பிங்கெலின் ஆசை, வழியிலேயே எங்கோ நழுவி விழுந்துவிட்டது.

நம் நாட்டிலும் இதே வழிப்பிரிவு வந்தது. டிப்டி கலெக்டர் வி. ராமசுவாமி ஐயர் 1907-ல் தொடங்கிய இந்தியக் கணித சங்கம், 1909 முதல் பத்திரிகை நடத்திற்று. பெங்களூர் சென்ட்ரல் காலேஜைச் சேர்ந்த எம். டி. நாராயண ஐயங்கார் அதன் பத்திராதிபர். 1911-ல் அதன் கேள்விப் பக்கத்தில் ஒரு வாலிபர், வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவின்றிச் செல்லும் ஒரு கோவையின் மதிப்பு என்ன என்று கேட்டிருந்தார். ஆறு மாதம் சென்றும் ஒருவரும் பதில் எழுதவில்லை. "விடை மூன்று" என்று கேட்டவரே சொல்லும்படி ஆயிற்று. எப். ஏ. பரீட்சையில் தேறாத அந்த வாலிபர் ராமானுஜன்.

வாசகர்கள் மௌனம் சாதித்தார்கள் என்பதற்காக நாராயண ஐயங்கார் பக்கத்தை மூடிவிடவில்லை. ராமானுஜன் அனுப்பிய கேள்விகள் ஐம்பதுக்கு மேல் அதில் வெளியாயின. பிற்பாடு, ஆராய்ச்சியும் போதனையும் ஒரே இதழில் அடங்காமல் போகவே, 1933-ல் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்குமாக 'மேதமேட்டிக்ஸ் ஸ்டூடண்ட்' என்ற இரண்டாவது இதழைச் சங்கம் வெளியிட்டது. அங்கே இரண்டு வீடாகப் பிரிந்தது, இங்கே ஒரே வீட்டில் இரண்டு அறையாயிற்று.

ஆகையால் அன்பர்களே, எழுதாத வாசகரின் பத்திரிகை மெள்ள மெள்ள எழுதுகிறவரின் பத்திரிகையாகிவிடும். அதில் யாரையும் நோவதற்கில்லை. ஆனால் பத்திராதிபருக்கும் ஒரு கடமை உண்டு. வந்த கடிதங்களைப் படிப்பதோடு நில்லாமல், எந்த ஊரிலிருந்து ஒரு கார்டுகூட வரவில்லை என்றும் அவர் கவனிக்க வேண்டும். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்காகத்தானே அவர் முதலில் பேனாவைத் தொட்டார்?