சூடான் மண்ணில் விளைந்த புதுச்சோளம்

மன்னர் வெட்டிய ஏரிகளையும் எழுப்பிய அணைகளையும் வரலாற்று நூல்களில் படிக்கின்றோம். ஏரி நீர் எட்டாத மேட்டு நிலத்தில் சோளமும் கம்பும் விதைத்து வானம் பார்த்திருந்தவனைப் பற்றி ஒரு வரியும் காணோம். அத்தகைய நிலமே பெரும்பாலும் நம்மவர் பங்குக்கு வந்தது. ஆதலின் ஆப்பிரிக்கச் சோளத்தின் வரலாறு ஒன்றை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

கெபிசா எஜெட்டா 1950இல் எத்தியோப்பியச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். மண்தரையும் கூரையும் கொண்ட ஒற்றை அறையே வீடு. மகன் கற்றே தீரவேண்டும் என்று உறுதி பூண்ட அன்னை, அவரை வேற்றூர்ப் பள்ளியில் சேர்த்தார். ஞாயிறு இரவு 20 கிலோமீட்டர் நடந்து சென்று, வாரம் முழுதும் அங்கே படித்து, வெள்ளியன்று வீடு திரும்புவார் சிறுவர். (பேருந்து தவறியதென விடுப்பு எழுதும் நம் மாணவர் இதனைச் சற்றே எண்ணுக.) உதவி பெற்று ஜிம்மா வேளாண் பள்ளியிலும் அலமாயா கல்லூரியிலும் பயின்று, 1973இல் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் 1972இல் நிறுவப்பெற்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலையம், வறண்ட நாடுகளின் பயிர்களுக்கெனவே ஏற்பட்டது. அதன் சூடான் அலுவலகத்தில் எஜெட்டா பணியேற்றார். சோளம் இயல்பாகவே வறட்சி தாங்குவது. வேர் ஆழச் செல்லும். இலைமேல் படர்ந்த மெழுகு நீர் வீணாகாமல் காக்கும். மழை பொய்த்தால் வளர்ச்சியை நிறுத்திக் காத்திருந்து, ஈரம் கண்டதும் மீண்டும் தழைக்கும். ஆயினும் நாட்டு வகைகளின் விளைச்சல் குறைவு. தாங்கும் தன்மையையும் விளைச்சலையும் ஒன்றுசேர்த்து அவர் உருவாக்கிய வீரிய ஒட்டுச் சோளம் 1983இல் வெளியாயிற்று. அதன் பெயர் ஹஜீன் துரா 1. அரபியில் ஹஜீன் என்பது கலப்பினம். துரா என்பது சோளம். சோதனை வயல்களில் அது நாட்டு வகையைவிட 50 முதல் 100 சதவீதம் கூடுதலாக விளைந்தது. மறு ஆண்டே சூடானைக் கொடிய வறட்சி தாக்கியது.

வீரிய ஒட்டு விதையில் ஓர் இடர் உண்டு. விளைந்ததைக் குதிரில் சேமித்து மறுமுறை விதைத்தால் வீரியம் குன்றும். ஆண்டுதோறும் புதுவிதை வாங்கியாக வேண்டும். விதை கைக்கு வராவிடில் ஏழை உழவனுக்கு ஆராய்ச்சி ஏட்டுச் சுரைக்காயே. இதனை உணர்ந்த எஜெட்டா, அரசு அமைப்புகளோடும் உழவர் கூட்டுறவுகளோடும் இணைந்து விதைப் பெருக்கத்திலும் ஈடுபட்டார். அதனாலேயே அப்பயிர் ஊர்தோறும் பரவியது.

பின்னர் பர்டியூவில் பணியாற்றுகையில் வேறொரு பகையை எதிர்கொண்டார். நம் பக்கத்தில் சுடுமல்லி எனப்படும் ஒட்டுண்ணிக் களை அது. அதன் விதை மண்ணில் பல்லாண்டு உறங்கும். சோள வேரில் கசியும் ஒரு வேதிப்பொருள் பட்டதும் முளைத்து, வேரைப் பற்றி உறிஞ்சும். லாரி பட்லர் என்னும் வேதியியலாருடன் சேர்ந்து, அப்பொருளை மிகக் குறைவாகக் கசியவிடும் சோளத்தை எஜெட்டா கண்டறிந்து வளர்த்தார். 1994இல் எட்டு டன் விதை 12 ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சென்றது. 2009இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

புகழ் பெற்றது ஹஜீன் துராவே. எனினும் பிந்திய பணியையே யான் பெரிதாகக் கருதுகின்றேன். களையை வென்ற அச்சோள வகைகள் ஒட்டு விதையல்ல. அவற்றுள் இரண்டு, கோபியே, அப்ஷிர் என்னும் பெயர்களில் எத்தியோப்பிய உழவரிடம் சேர்ந்தன. அறுவடையில் நல்ல கதிர்களைத் தேர்ந்து குதிரில் வைத்தால், அடுத்த மழைக்கு அவையே விதை.