ஏ.டி.வி. டயர்: மாட்டு வண்டி முதல் ஹிமாலயன் வரை

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த தம்பி ஒருவர் மதுரையில் வேலை பார்க்கிறார். வாடிப்பட்டியிலிருந்து தினமும் நான்கு வழிச் சாலையில் ஹிமாலயன் வண்டியில் போய் வருகிறார். டயர் தேய்ந்துவிட்டதாம். "சார், வீடியோவில் பார்க்கிற மாதிரி பெரிய பட்டன் வைத்த டயர் போடலாமா, ரோட்டு டயரே போதுமா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். நான் மெக்கானிக் இல்லை, பாடம் நடத்தியவன். ஆனால் டயரின் வரலாற்றைப் படித்துக்கொண்டு போனால் இந்தக் கேள்விக்கு விடை அதிலேயே இருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு வேடிக்கை. இந்த வகை வண்டிகளை இளைஞர்கள் ஏ.டி.வி. என்கிறார்கள். அட்வெஞ்சர் என்பதன் சுருக்கம். நம் நாட்டு டயர் தொழிலிலோ இதே மூன்று எழுத்துக்கு வெகுகாலமாக வேறு பொருள். 'அனிமல் டிரான் வெஹிக்கிள்', அதாவது கால்நடைகள் இழுக்கும் வண்டி. நம் ஊர் டயர் வண்டிக்குப் போடும் டயர்தான் அசல் ஏ.டி.வி. டயர்! பெயரில் மட்டுமல்ல, விஷயத்திலும் இரண்டுக்கும் உறவு உண்டு. எப்படி என்று பார்ப்போம்.

*காற்றடைத்த டயர்*

மரத்துப் பாலாகக் கிடைக்கும் ரப்பர் வெயிலில் இளகி ஒட்டும், குளிரில் விறைத்து வெடிக்கும். அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை போகும் என்று 1839ல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845லேயே காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அன்று மோட்டாரும் இல்லை, இன்று நாம் ஓட்டுகிற மாதிரி சைக்கிளும் இல்லை. யாரும் கண்டுகொள்ளவில்லை.

1888ல் பெல்பாஸ்ட் நகரில் இருந்த ஜான் பாய்டு டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கல் ரோட்டில் அதிராமல் ஓடவேண்டும் என்று ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் கட்டினார். அவர் தொழில் என்ன தெரியுமா? கால்நடை மருத்துவர். டன்லப் என்ற பெயர் பிறகு உலகமெங்கும் டயருக்கே பெயரானது.

ஆரம்ப கால டயர்களில் பட்டனும் கிடையாது, கோடும் கிடையாது. முகம் பார்க்கலாம் போல வழவழவென்று இருக்கும். வேகம் கூடக்கூட ஈர ரோட்டில் வழுக்கியது. 1908ல் ஃபயர்ஸ்டோன் கம்பெனி ஒரு வழி செய்தது. 'நான் ஸ்கிட்', அதாவது 'வழுக்காதது' என்ற ஆங்கில எழுத்துகளையே டயர் முழுக்கப் புடைப்பாக அச்சிட்டு விற்றார்கள். எழுத்தே பட்டன், விளம்பரமும் அதுவே. டயரில் இருக்கும் கோலம் அழகுக்காக வந்ததல்ல, ரோட்டில் ஒருவர் விழாமல் இருப்பதற்காக வந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

*ரப்பருக்குப் பின்னால் நம் ஜனங்கள்*

டயர் பெருகப் பெருக ரப்பர் தேவைப்பட்டது. 1876ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தது சில ஆயிரம்தான். அதில் பெரும்பகுதி இலங்கைக்கு வந்தது. மறு வருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. மலாயாவில் காட்டை அழித்து ரப்பர் எஸ்டேட்டுகள் எழுந்தன.

அங்கே பால் வெட்டப் போனவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பார். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்குவார்கள். விடியுமுன் பெரட்டு, இருட்டோடு பால் வெட்டு, லயத்து வீடு. உலகத்தின் கார்கள் உருண்டது இந்த ஜனங்களின் உழைப்பில். ஜப்பான் ஆக்கிரமித்த 1942, 43 ஆண்டுகளில் இதே எஸ்டேட் தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் சயாம் – பர்மா ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள். அதில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. "அக்கரைக்குப் போனவர்" என்ற பேச்சு இன்றும் நம் பக்கத்துப் பல குடும்பங்களில் உண்டு. டயர் என்பது கடையில் தொங்கும் கறுப்பு வளையம் மட்டும் அல்ல என்று சொல்லவே இதை எழுதினேன்.

*மதுரையும் டயரும்*

டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1911ல் தொழில் தொடங்கி, 1912ல் பஸ் விட்டார். அன்றைய ரோட்டை நினைத்துப் பாருங்கள். கப்பிக்கல் ரோடு. முக்கால்வாசிப் போக்குவரத்து கட்டை வண்டி. மரச் சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டா. அந்தப் பட்டா மெல்லியது, பாரம் முழுவதும் ஒரு கோட்டில் இறங்கும். ரோட்டைத் தடம் தடமாக அறுத்துவிடும். இது போதாதென்று, மாடுகளின் குளம்பிலிருந்து கழன்று விழுந்த லாட ஆணிகள் வேறு. இரும்புப் பட்டாவை ஆணி ஒன்றும் செய்யாது. காற்றடைத்த பஸ் டயருக்கு அதுதான் எமன். பஸ் போகும் ரோட்டில் முன்கூட்டியே காந்தம் பொருத்திய வண்டியை ஓட்டி ஆணிகளைப் பொறுக்கி எடுத்தார்கள் என்று மதுரைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ரோடு எப்படியோ, அதற்குத் தக்கபடிதான் டயர் பிழைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என் நினைவில் இல்லை.

பிறகு இரண்டாம் உலகப் போர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும் மலாயா ரப்பர் முழுவதும் ஜப்பான் கைக்குப் போனது. டயர் கிடைப்பது குதிரைக் கொம்பானது. பெட்ரோலும் இல்லை. பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பு மாட்டி, அந்தக் கரி வாயுவில் ஓட்டினார்கள். டி.வி.எஸ். நிறுவனமே அந்தக் கருவிகளைச் செய்தது. தேய்ந்த டயரைத் தூக்கிப் போடாமல், மேலே புது ரப்பர் ஒட்டி வேகவைத்து மறுபடி ஓட்டும் ரீட்ரேடிங் தொழிலும் 1943ல் அவர்களால் தொடங்கப்பட்டது. இன்று நெடுஞ்சாலை ஓரங்களில் நாம் பார்க்கும் ரீட்ரேடிங் கடைகளுக்கெல்லாம் முன்னோடி அந்தக் காலம்தான்.

போருக்குப் பிறகு சென்னை திருவொற்றியூரில் இரண்டு கதைகள் பக்கத்துப் பக்கத்தில் நடந்தன. 1946ல் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்தார். 1952ல் ரீட்ரேடிங்குக்கான ரப்பர், 1960களில் டயர் என்று அது எம்.ஆர்.எஃப். ஆக வளர்ந்தது. அதே திருவொற்றியூரில்தான் 1955 முதல் நம் ராணுவத்துக்காக என்ஃபீல்டு புல்லட் வண்டிகளும் உருவாயின.

நம் மதுரைக்கு வருவோம். 1980களில் மேலூர் பக்கம் வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா டயர் ஆலை வந்தது. இரு சக்கர வாகன டயர்தான் அவர்களுடைய முக்கியச் சரக்கு. 2019ல் யூரோகிரிப் என்ற பெயர் வைத்தார்கள். சிஎஸ்கே வீரர்கள் மஞ்சள் சட்டையில் அந்தப் பெயரைப் போட்டு ஆடியதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளரிப்பட்டிக்கும் சேப்பாக்கத்துக்கும் இப்படி ஒரு தொடர்பு!

இதற்கிடையில் நம் கிராமங்களில் சத்தமில்லாமல் ஒரு மாற்றம் நடந்தது. கட்டை வண்டி போய் டயர் வண்டி வந்தது. டயர் அகலமானது, பாரத்தைப் பரப்பித் தாங்கும். வயல் சேற்றில் புதையாது, ரோட்டையும் அறுக்காது. மாட்டுக்கும் இழுவை குறைவு. நெல்லும் கரும்பும் ஏற்றிக்கொண்டு வயலிலிருந்து தார் ரோட்டுக்கு ஏறி, சோழவந்தான் ரோட்டில் வரிசையாகப் போகும். மண்ணிலும் ஓடவேண்டும், தாரிலும் ஓடவேண்டும் என்ற பிரச்சினையை அட்வெஞ்சர் பைக்குகள் வருவதற்கு முன்பே நம் சம்சாரிகளின் ஏ.டி.வி. சந்தித்துவிட்டது.

*இரண்டு பாதைக்கும் ஒரு பைக்*

மோட்டார் சைக்கிளில் இந்த யோசனை பிறகுதான் பிரபலமானது. 1968ல் யமஹா டிடி-1 என்ற வண்டி ரோட்டுக்கும் காட்டுப் பாதைக்கும் பொதுவாக வந்தது. 1978 டிசம்பர் 26 அன்று பாரிஸிலிருந்து சகாரா பாலைவனம் தாண்டி டக்கார் வரை போகும் பந்தயம் தொடங்கியது. 1980ல் பி.எம்.டபிள்யூ. ஆர் 80 ஜி/எஸ் வந்தது. அந்தப் பெயரில் உள்ள ஜி என்பது கரடுமுரடான நிலம், எஸ் என்பது சாலை. 2016ல் நம் ஊர் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வந்தது.

இந்த வண்டிகள் பலவற்றில் முன் சக்கரம் மட்டும் 21 அங்குலம், பெரிதாக இருக்கிறதே, ஏன்? சக்கரம் பெரிதானால் பள்ளத்தில் விழாமல் ஏறிக் கடக்கும். பழைய கட்டை வண்டிச் சக்கரம் அவ்வளவு உயரமாக இருந்ததும் இதே காரணத்தால்தான்.

*இனி தம்பியின் கேள்விக்கு*

பெரிய பட்டன் டயர் மண்ணைக் கவ்விப் பிடிக்கும். பட்டன்களுக்கு நடுவே இடைவெளி அதிகம், சேறு அதில் புகுந்து வெளியேறும். மணலுக்கும் சேற்றுக்கும் அதுதான் ராஜா. ஆனால் தார் ரோட்டில் கதை தலைகீழ். அங்கே பிடிப்பு கிடைப்பது ரப்பர் எவ்வளவு பரப்பில் ரோட்டைத் தொடுகிறது என்பதில்தான். பட்டன் டயரில் பாதி இடம் வெற்றிடம். பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் சாயும்போதும் ஒவ்வொரு பட்டனும் தனியாக வளைந்து நெளியும். வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். சத்தம் வரும், சீக்கிரம் தேயும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோமா? பழைய ஹிமாலயனின் முன் டயர் 90/90-21. அகலம் 90 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் 90 சதவீதம், அதாவது 81 மில்லிமீட்டர், உள்ளே ரிம் 21 அங்குலம். மொத்த விட்டம் சுமார் 69.5 செ.மீ., சுற்றளவு ஏறத்தாழ 2.18 மீட்டர். 25 கிலோமீட்டர் போனால் அது 11,000 முறைக்கு மேல் சுற்றும். இந்தத் தம்பியின் வண்டியில் அந்தச் சுற்று அத்தனையும் தார் ரோட்டில். வருஷத்தில் நாலைந்து முறை குட்லாடம்பட்டி அருவிப் பக்கமோ சிறுமலை அடிவாரத்துக்கோ மண் பாதையில் போவார். அந்த நாலைந்து நாளுக்காக மற்ற நாளெல்லாம் லாரிகளுக்கு நடுவே பிடிப்புக் குறைந்த டயரில் போவது சரியா? அதுவும் ஐப்பசி முதல் மழையில், ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழவழப்பாகும் நேரத்தில்?

கடையில் 80-20, 50-50 என்று சொல்வார்கள். முதல் எண் ரோட்டுக்கு, இரண்டாவது மண்ணுக்கு. இது சட்டம் போட்ட அளவு இல்லை, ஒரு பேச்சு வழக்குதான். ஆனாலும் வழிகாட்டும். முக்கால்வாசிக்கு மேல் தாரில் ஓடுபவருக்கு 80-20 வகையே ஏற்றது. பட்டைகள் நெருக்கமாக, நடுவில் மழைநீர் வெளியேறக் கோடுகளோடு இருக்கும். மண் பாதைக்கும் நிதானமாகப் போனால் போதும், கைவிடாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. அளவு, வண்டியோடு வந்ததே இருக்கட்டும். கம்பீரத்துக்காக அகல டயர் வேண்டாம்.

2. அளவுக்குப் பக்கத்தில் 54எஸ் போல ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 54 என்றால் அந்த டயர் தாங்கும் எடை 212 கிலோ, எஸ் என்றால் 180 கி.மீ. வேகம் வரை. கையேட்டில் சொன்னதற்குக் குறையக் கூடாது.

3. நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1425 என்றால் 2025ஆம் ஆண்டின் 14ஆவது வாரம் தயாரானது. வருஷக்கணக்காகக் கடையில் கிடந்த டயரை விலை குறைவென்று வாங்காதீர்கள். ரப்பர் ஓடாமலே விறைக்கும்.

4. பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் சுற்றும் திசையைப் பார்த்து மாட்டச் சொல்லுங்கள்.

5. கம்பி போட்ட சக்கரங்களில் பலவற்றுக்கு டியூப் அவசியம். டயரோடு புது டியூபும் போட்டுவிடுங்கள்.

6. புது டயரின் மேல்பரப்பு வழுக்கும். முதல் 100, 150 கிலோமீட்டர் வரை வளைவில் அதிகம் சாய்க்காமல், திடீர் பிரேக் போடாமல் ஓட்டுங்கள்.

7. காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். பின்னால் ஆள் ஏறினால் கையேட்டில் அதற்கென்று தனி அளவு உண்டு.

கோட்டின் அடியில் சின்ன மேடு ஒன்று இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமானால் அன்றே மாற்றிவிட வேண்டும். மொட்டை டயரில் இன்னும் ஒரு மாதம் ஓட்டலாம் என்று கணக்குப் போடுகிற தம்பிமார்களே, வீட்டில் உங்களுக்காகக் காத்திருப்பவர்களையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.

லடாக் போகிறீர்களா? அப்போது 50-50 டயர் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். திரும்பி வந்ததும் ரோட்டு டயரை மாட்டுங்கள்.

ஒரு வேண்டுகோள். உங்கள் ஊருக்கு முதல் டயர் வண்டி எப்போது வந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இங்கே எழுதுங்கள். தாத்தா, பாட்டி யாராவது மலாயா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்திருந்தால் அதையும் எழுதுங்கள். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் வராத வரலாறு. தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வோம்.

ஹெல்மெட் போட்டு ஓட்டுங்கள்.