கலை வரலாறு படித்தால் கேலரியில் வேலை கிடைக்குமா? கீரிப்பாறையில் இருந்து எப்படித் தொடங்குவது?

பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் தாண்டி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஊர் கீரிப்பாறை. அங்கே ஒரு பிள்ளை "கலை வரலாறு படிக்கப் போறேன்" என்று சொன்னால் வீட்டில் வரும் முதல் கேள்வி, "மக்களே, அதப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்பதாகத்தான் இருக்கும். நியாயமான கேள்விதான். பதிலைப் பார்ப்போம்.

படம் வரையத் தெரியணுமா?

தேவையில்லை. ஓவியக் கல்லூரியில் வரையக் கற்றுக்கொடுப்பார்கள். கலை வரலாறு என்பது வரைந்ததையும் செதுக்கியதையும் படிக்கும் படிப்பு. ஒரு படைப்பை யார் செய்தார், எந்தக் காலம், எதற்காகச் செய்தார், எப்படி இங்கே வந்தது? இவற்றுக்கு ஆதாரத்தோடு பதில் எழுதக் கற்றுத்தருவதுதான் இந்தப் படிப்பு.

கேலரியில் என்னென்ன வேலைகள்?

* கியூரேட்டர்: எதைக் காட்டுவது, எந்த வரிசையில் வைப்பது என்று முடிவு செய்பவர். அரசு அருங்காட்சியகங்களில் இந்தப் பதவிக்குப் பெயர் காப்பாட்சியர்.
* பதிவாளர்: படைப்பு உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் கீறல், கறை எல்லாவற்றையும் குறித்து வைப்பவர். பேக்கிங், இன்சூரன்ஸ் பேப்பர்களும் இவர் பொறுப்பு.
* எழுத்து வேலை: சுவரில் ஒட்டும் குறிப்பு, கேட்டலாக், பத்திரிகைச் செய்தி.
* விற்பனை: தனியார் கேலரிகள் விற்பனைத் தொகையில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டுதான் நடக்கின்றன. வாங்குபவரிடம் பேசத் தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம்.

புதிதாகச் சேருபவர் யாரும் நேராக கியூரேட்டர் ஆவதில்லை. பெரும்பாலும் பட்டியல் போடுவதில்தான் ஆரம்பிக்கும்.

பட்டியல் போடுவது அவ்வளவு முக்கியமா?

ஆமாம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் இருந்து திருடப்பட்ட நடராஜர் சிலையை, 2008-ல் ஆஸ்திரேலிய தேசிய கேலரி சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. விற்றவர் நியூயார்க்கில் கேலரி நடத்திய சுபாஷ் கபூர். சிலை யார் யார் கை மாறி வந்தது என்று காட்டிய காகிதங்கள் போலி. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய போட்டோக்கள்தான் அது நம்ம ஊர் சிலை என்று காட்டிக்கொடுத்தன. 2014-ல் நடராஜர் திரும்பி வந்தார். எப்போதோ ஒருவர் ஒழுங்காகப் படம் எடுத்து, பட்டியல் போட்டு வைத்ததால் நடந்தது இது.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிலை, ஓவியங்களைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ரவிவர்மா ஓவியங்களுக்கும் அதே தடை உண்டு.

எங்கே படிக்கலாம்?

* சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி (பெண்களுக்கு மட்டும்)
* பரோடா எம்.எஸ். பல்கலைக்கழக நுண்கலைப் புலம்
* டெல்லி ஜேஎன்யூ கலை, அழகியல் துறை. முதுகலைக்கு சியுஇடி நுழைவுத் தேர்வு உண்டு
* நொய்டாவில் உள்ள இந்திய பாரம்பரிய நிறுவனம். கலை வரலாற்றோடு அருங்காட்சியகவியலும் உண்டு

தமிழ், வரலாறு, சமஸ்கிருதம் படித்தவர்கள் வர முடியுமா?

முடியும். தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி முதுகலையில் படித்தது சமஸ்கிருதம். 1959-ல் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் காப்பாட்சியராகச் சேர்ந்தார். பிறகு தமிழ்நாடு தொல்லியல் துறையின் முதல் இயக்குநர் ஆனார். பத்தூர் நடராஜர் வழக்கில் லண்டன் நீதிமன்றத்தில் நிபுணராக சாட்சி சொன்னார். அந்தச் சிலை 1991-ல் திரும்பி வந்தது. கல்வெட்டையும் பாட்டையும் மூலத்தில் படிக்கத் தெரிவது இந்தத் துறையில் பெரிய பலம்.

குமரியில் இருந்து எப்படித் தொடங்குவது?

கேலரி இல்லாத ஊர் என்று கவலைப்பட வேண்டாம். பார்ப்பதற்கு இங்கே நிறையவே இருக்கிறது.

1. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போங்கள் (திங்கள் விடுமுறை). தக்கலை பக்கம் இருந்தாலும் இதைப் பராமரிப்பது கேரள தொல்லியல் துறை. மர வேலைப்பாட்டையும் சுவரோவியங்களையும் பற்றி ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.
2. சிதறால் சமணச் சிற்பங்கள், ஓவியத் தடயங்கள் மிஞ்சியிருக்கும் திருநந்திக்கரை குடைவரை. இரண்டையும் பார்த்துக் குறிப்பெடுங்கள்.
3. திருவனந்தபுரம் நேப்பியர் மியூசியம் வளாகத்தில் ரவிவர்மா ஓவியங்களை நேரில் பாருங்கள்.
4. 2012-ல் தொடங்கிய கொச்சி பினாலேயில், பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்ல இளைஞர்களை எடுப்பார்கள். ரயில் ஏறினால் போய்விடலாம்.
5. சென்னைக்குப் போனால் எழும்பூர் அருங்காட்சியகம், சோழமண்டலம், தட்சிணசித்ரா, கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமி நான்கையும் சுற்றிவிட்டு வாருங்கள்.

இப்படி எழுதியவற்றில் நல்லதாக நான்கைந்தை எடுத்து வையுங்கள். இன்டர்ன்ஷிப் கேட்டுப் போகும்போது மார்க் ஷீட்டோடு இதையும் காட்டலாம்.

சம்பளம்?

இங்கேதான் சிக்கல். பல இடங்களில் முதல் இன்டர்ன்ஷிப்புக்குப் பணம் கிடையாது, அல்லது பஸ் செலவுக்குத்தான் வரும். சென்னையில் வீடு இருப்பவர் சமாளித்துவிடுவார். தோட்டத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு ஹாஸ்டல் வாடகையே பெரிய சுமை. அதனால் சேரும் முன்பே உதவித்தொகை உண்டா, எத்தனை மாதம், சான்றிதழ் தருவார்களா என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது தப்பில்லை.

அரசு காப்பாட்சியர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி அறிவிப்பைக் கவனியுங்கள். இடங்கள் குறைவு, வருஷா வருஷம் வராது. அதை மட்டும் நம்பி இருக்காமல் கூடவே பி.எட்., நெட் தேர்வு, மொழிபெயர்ப்பு என்று இன்னொரு வழியையும் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆக, வீட்டில் கேட்டால் இப்படிச் சொல்லலாம்: வேலை இருக்கிறது, ஆனால் உடனே கிடைக்காது. முதல் இரண்டு மூன்று வருஷச் செலவுக்கு என்ன வழி என்பதை இப்போதே உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டு, அப்புறம் விண்ணப்பம் போடுங்கள்.