தி மெஷின்: கோடிப் பேர் கேட்ட கதை, பத்து லட்சம் பேர் பார்த்த படம்

ஒரு கதையைக் கோடிக்கணக்கான பேர் யூட்யூபிலும் ஃபேஸ்புக்கிலும் ஓசியில் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அதே கதையை, சொன்ன ஆளையே கதாநாயகனாகப் போட்டுப் படமாக எடுத்து, காசு கொடுத்து வந்து பாருங்கள் என்றபோது முக்கால்வாசிப் பேர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வந்த ரசிகர்கள் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனார்கள். விமர்சகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். 2023 மே 26 அன்று அமெரிக்காவில் வெளியான 'தி மெஷின்' படத்தின் கதை இதுதான். சட்டையைக் கழற்றிவிட்டு மேடையேறும் நகைச்சுவையாளர் பெர்ட் கிரைஷர்தான் அந்த ஆள்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பை ஆறேழு வருடம் இழுத்தவர் கிரைஷர் (அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் ஆறுதல் அடையலாம்!). 1997-இல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அவரைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டது. நாட்டிலேயே அதிகம் கூத்தடிக்கும் கல்லூரியில் அதிகம் கூத்தடிக்கும் மாணவன் இவன்தான் என்பது அதன் சாரம். 2002-இல் வந்த 'வான் வைல்டர்' படம் அந்தக் கட்டுரையின் பாதிப்பில் பிறந்தது என்று பரவலாகச் சொல்வார்கள். ஆக, இவர் வாழ்க்கையைப் பார்த்து ஹாலிவுட் ஒரு தடவை ஏற்கனவே காசு பார்த்துவிட்டது. அந்தக் காசில் இவருக்குப் பங்கில்லை என்பது தனிச் சோகம்.

மெஷின் கதை அதற்கும் சற்று முந்தையது. தொண்ணூறுகளின் நடுவில் ரஷ்ய மொழி வகுப்பு மாணவர்களோடு ரஷ்யாவுக்குச் சுற்றுலா போகிறார். ரஷ்ய மொழி பெயருக்குத்தான் படித்திருக்கிறார், ஒரு வாக்கியம் உருப்படியாகப் பேச வராது. வகுப்புக்குப் பாதுகாப்பாக வந்த ரவுடிகளோடு வோட்கா குடித்துச் சிநேகமாகிறார். தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல வேண்டுமே என்று, அரைகுறை ரஷ்யனில் தான் ஒரு இயந்திரம் என்று சொல்லிவைக்கிறார். பட்டப்பெயர் ஒட்டிக்கொள்கிறது. (ரஷ்யாவில் 'மஷினா' என்றால் அன்றாடப் பேச்சில் கார். கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.) கடைசியில் ஓடும் ரயிலில் அந்த ரவுடிகளோடு சேர்ந்து கொள்ளையடிக்கிறார். கொள்ளை போனது யார் சாமான்? கூட வந்த வகுப்புத் தோழர்களுடையது!

இது நிஜமா, புருடாவா? கதை கேட்ட எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இது. மேடைக் கதையில் கை கால் முளைக்காமல் இருக்காது. ஆனால் அந்தக் காலத்து ரஷ்யாவை நினைத்துப் பார்த்தால் கதை அவ்வளவு அபத்தமாகத் தெரியாது. 1991 டிசம்பரில் சோவியத் யூனியன் உடைந்தது. போலீசுக்கும் கோர்ட்டுக்கும் பழைய பலமில்லை. புதிதாகக் கடை போட்டவன் முதல் கம்பெனி நடத்துபவன் வரை ஏதாவது ஒரு கும்பலுக்கு மாமூல் கட்டித்தான் தொழில் செய்தார்கள். இந்தப் பாதுகாப்புக்கு ரஷ்யாவில் 'கிரிஷா' என்று பெயர், அதாவது கூரை. அப்படிப்பட்ட ஊரில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒரு கும்பல் காவல் என்பது கற்பனைக்கு எட்டாத விஷயமில்லை.

கிரைஷர் இந்தக் கதையை ஜோ ரோகனின் பாட்காஸ்டில் சொன்னார். இதை மேடையில் சொல்லு என்று ரோகன் உசுப்பேற்றினார். 2016-இல் ஷோடைம் சேனலுக்காகப் பதிவு செய்த நிகழ்ச்சியின் பெயரே 'தி மெஷின்'. அதிலிருந்து வெட்டியெடுத்த கால் மணி நேரத் துண்டு இணையத்தில் தீப்பிடித்தது. சின்னச் சின்ன கிளப்புகளில் நாற்பது வயதைத் தாண்டிக்கொண்டிருந்த மனிதர் பெரிய அரங்குகளை நிரப்பத் தொடங்கியது அதற்கப்புறம்தான்.

பிறகு படம். லெஜண்டரி நிறுவனம் தயாரித்தது, சோனி வெளியிட்டது, இயக்கியவர் பீட்டர் அடென்சியோ. 2021-இல் செர்பியாவில் படப்பிடிப்பு நடந்தது. செலவு சுமார் 2 கோடி டாலர், ஹாலிவுட் கணக்கில் இது சிக்கனம்தான். கிரைஷர் கிரைஷராகவே நடித்தார். அப்பாவாக வந்தவர் யார் தெரியுமா? 'ஸ்டார் வார்ஸ்' புகழ் மார்க் ஹாமில்! அன்று ரயிலில் திருடிய ஒரு பழைய கடிகாரத்தைத் தேடி, இருபத்து சொச்சம் வருடம் கழித்து மாஃபியா பெண் ஒருத்தி அமெரிக்கா வந்து, மகனையும் அப்பாவையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ரஷ்யா போகிறாள். பிறகு அடிதடி, துப்பாக்கி, ரத்தம்.

இங்கேதான் சிக்கல். மேடையில் கால் மணி நேரத்தில் முடிந்த ரயில் கதை, 112 நிமிடப் படத்தில் ஃப்ளாஷ்பேக் ஆகிவிட்டது. இளவயது பெர்ட்டாக ஜிம்மி டாட்ரோ வரும் அந்தக் காட்சிகள்தான் ரசிகர்களுக்குக் கொண்டாட்டம். அடுத்து என்ன வரும் என்று வரிக்கு வரி தெரிந்த கூட்டம் அது. மீதி நேரம் ஓடுவது அப்பா மகன் மனஸ்தாபமும் சண்டைக்காட்சிகளும். ஹாமிலைப் பெரும்பாலும் எல்லோரும் பாராட்டினார்கள். மற்றதில்தான் இரண்டு கட்சி. விமர்சகர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் நல்லதாக எழுதினார்கள். பொதுஜனம் போட்ட மார்க் அதைவிட எவ்வளவோ மேலே இருந்தது.

விமர்சகர்களின் முக்கியக் குறை, மேடைக் கதையே போதுமே, படம் எதற்கு என்பது. கடுப்பில் சொன்னாலும் அதில் நியாயம் இருக்கிறது. மேடையில் ஆபத்தை நாம் பார்ப்பதில்லை. தொந்தியும் தொப்பையுமாக ஒரு ஆள் நம் முன்னால் உயிரோடு நின்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். ஆகவே ரவுடிகள் எவ்வளவு பயங்கரமானாலும் ஒன்றும் ஆகிவிடாது என்று நமக்குத் தெரியும். அந்த நிம்மதியில்தான் சிரிப்பு வருகிறது. திரையில் ஒருவன் தலையில் குண்டு பாய்ந்து விழுந்தால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோகிறது. தவிர, கேட்கும்போது ஆளாளுக்கு மனதில் ஒரு ரயில் ஓடும். படமாக எடுத்தால் இருப்பது ஒரே ரயில், அது ஓடுவது செர்பியாவில்.

இதையெல்லாம் ரசிகர்கள் பொருட்படுத்தவில்லை. அவர்கள் படம் பார்க்க வரவில்லை, பெர்ட்டைப் பார்க்க வந்தார்கள். அப்படி வந்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் காமர்ஸ்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி.

முதல் மூன்று நாள் வசூல் சுமார் 49 லட்சம் டாலர். அதே நாளில் வெளியான டிஸ்னியின் 'தி லிட்டில் மெர்மெய்ட்' அதே மூன்று நாளில் எடுத்தது 9.5 கோடி! மெஷினின் மொத்த அமெரிக்க வசூல் ஒரு கோடி டாலரைச் சற்றே தாண்டியது. சீட்டு ஒன்று பத்து டாலர் என்று வைத்துக்கொண்டால் பத்து லட்சம் சீட்டு. தியேட்டர்காரர்கள் பங்கு கிட்டத்தட்ட பாதி போனால், 2 கோடி போட்ட இடத்தில் கைக்கு வந்தது 50 லட்சத்தை ஒட்டி. விளம்பரச் செலவு இதில் சேரவில்லை.

படம் சுமார், அதனால் ஓடவில்லை என்று கணக்கை முடித்துவிடலாம்தான். ஆனால் பக்கத்து கணக்குகளையும் பார்க்க வேண்டும். அதே மே 26-ஆம் தேதி இன்னொரு மேடை நகைச்சுவையாளர் செபாஸ்டியன் மனிஸ்கால்கோ தன் அப்பாவைப் பற்றி எடுத்த 'அபவுட் மை ஃபாதர்' வந்தது. அப்பாவாக நடித்தவர் ராபர்ட் டி நீரோ. முதல் மூன்று நாளில் 43 லட்சம். முந்தைய வருடம் ஆகஸ்டில் ஜோ காயின் 'ஈஸ்டர் சண்டே' வந்தபோது 54 லட்சம். மூன்று பேருமே அரங்கு நிறைய ஆள் சேர்க்கக்கூடியவர்கள். மூன்று வேறு வேறு படங்கள், கல்லா மட்டும் ஏறக்குறைய ஒரே அளவு. மேடைப் புகழை மட்டும் நம்பிப் போனால் அந்த வருடங்களில் திரையரங்கில் கிடைத்த விலை இவ்வளவுதான் போலும். இவர்களின் ரசிகர்கள் நேரில் பார்க்க அதிகக் காசு கொடுப்பார்கள், வீட்டில் ஓசியில் பார்ப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சினிமா தியேட்டர் அவர்கள் பழக்கத்தில் இல்லை.

நேரமும் கைகொடுக்கவில்லை. 2023 மே 2 அன்று எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியதும் இரவு நேர டிவி அரட்டை நிகழ்ச்சிகள் நின்றுபோயின. புதுப்படத்துக்கு வழக்கமாக தம்பட்டம் அடிக்கும் இடம் அது. மிச்சமிருந்தது பாட்காஸ்ட். அதைக் கேட்பவர்களோ ஏற்கனவே பெர்ட்டின் ரசிகர்கள். புது ஆள் எங்கிருந்து வருவான்?

ரஷ்யா விஷயம் வேறு. படம் எடுத்தபோது ரஷ்ய ரவுடி என்றால் வேடிக்கை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது படையெடுப்பு தொடங்கியது, சோனி ரஷ்யாவில் தன் படங்களை வெளியிடுவதை நிறுத்தியது. கதை நடந்த ஊர்க்காரர்கள் தியேட்டரில் உட்கார்ந்து, இந்த அமெரிக்கன் நம்மைப் பற்றி அளப்பது சரியா தப்பா என்று சொல்லும் வாய்ப்பே இல்லாமல் போனது. இருப்பதிலேயே சுவாரசியமான விமர்சனம் அதுவாகத்தான் இருந்திருக்கும் :)

மேடைக் கதையின் முடிவு தெரியாதவர்களுக்காக: கொள்ளைக்கு மறுநாள் ரயில் நின்றதும் போலீஸ் வருகிறது. தொலைந்தோம் என்று பெர்ட் நடுங்கிக்கொண்டு நிற்கிறார். போலீஸ்காரரோ நீதானா அந்த மெஷின் என்று விசாரித்து, இன்றைக்கு ராத்திரி எங்களோடு குடி என்று கூட்டிப் போகிறார். படம் தியேட்டரை விட்டு ஓடிய பிறகும் கிரைஷரின் மேடை நிகழ்ச்சிகளுக்கு வருகிறவர்கள் கேட்பது இந்தக் கதையைத்தான். புது ஜோக் எத்தனை சொன்னாலும் மெஷின் சொல்லு என்று ஒரு குரலாவது வருகிறது.